கண்ணாடிக் குமிழும் சாயத் துளியும்

மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் அது செக்கச்செவேல் என்று மாறுவதை ஆரத்தித் தட்டில் கண்டிருப்பீர்கள். சுண்ணாம்பு ஒரு காரம். மஞ்சளில் உள்ள சாயம் காரத்தைக் கண்டதும் நிறம் மாறுகிறது. இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் வயலட் மலர்ச் சாற்றைக் கொண்டு இதே முறையில் அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறிந்து, 1664-ல் நூலாக எழுதி வைத்தார்.

ஆனால் இந்த நிறம் அமிலமா, காரமா என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஓர் அளவுகோலை 1909-ல் தந்தவர் டென்மார்க் நாட்டு வேதியியலார் சோரென்சென். கோபன்ஹேகனில், பீர் வடிக்கும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தார் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில், அவர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைச் சுருக்கமாக எழுத அவர் கண்ட வழியே பி.எச். எண். தூய நீருக்கு 7. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடிவிட்டன என்று பொருள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1906-ல், மாக்ஸ் கிரெமர் என்ற ஜெர்மானியர் ஒரு விந்தையைக் கண்டிருந்தார். மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இரு புறமும் அமிலத்தன்மை வேறுபட்டால் அங்கே மின்னழுத்தம் தோன்றுகிறது! ஒரு பி.எச். படிக்குச் சுமார் 59 மில்லிவோல்ட். அப்படியானால் அளந்துவிடலாமே என்பீர்கள். கண்ணாடியின் மின்தடையோ கோடிக்கணக்கான ஓம். அதன் வழியே வரும் நுண்ணிய மின்னோட்டத்திற்குச் சாதாரண மின்னோட்டமானியின் முள் அசைவதில்லை.

முள்ளை அசைத்தது எலுமிச்சம்பழம். 1934-ல் கலிபோர்னியாவின் பழ வணிகக் கூட்டமைப்பு ஒன்றில் பணிபுரிந்த வேதியியலார் ஒருவர், எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தை அளக்க இயலாமல் தவித்தார். சாற்றைக் காக்கக் கலந்த கந்தக டை-ஆக்சைடு லிட்மஸை வெளுக்கச் செய்துவிட்டது. அவர் தம் பழைய கல்லூரி நண்பர் ஆர்னால்ட் பெக்மனை நாடினார். வானொலியில் பயன்படும் வால்வுகள் இரண்டைக் கொண்டு பெக்மன் அந்த அழுத்தத்தைப் பெருக்கிக் காட்டினார். 1935-ல் அவருடைய பெட்டி 195 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

மேசைமேல் அந்தப் பெட்டி நன்றாகவே வேலை செய்தது. ஆற்றிலும் கடலிலும் விட்டுவைத்தால்? கண்ணாடிக் குமிழ் காய்ந்துவிடக் கூடாது. பாசி படரக் கூடாது. துணை மின்வாயின் நுண்துளை அடைபடக் கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தாலும் அளவு மெல்ல மெல்ல நழுவும். அடிக்கடி ஆள் போய், பி.எச். தெரிந்த கரைசலில் அமிழ்த்திச் சரிபார்க்க வேண்டும். குழந்தையைப் போல இதற்குச் செவிலித்தாய் வேண்டும்!

ஏன் இவ்வளவு கவலை? தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பி.எச். சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. வெறும் 0.1 தானே என்று எண்ணாதீர்கள். பத்து மடங்குக் கணக்கை நினைவுகூர்ந்தால், ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டன என்பது விளங்கும். சிப்பிகளும் பவளங்களும் ஓடு கட்டுவதற்கு இது இடையூறு. கருவியே 0.1 நழுவினால் இந்த மாற்றத்தை எப்படிக் காண்பது?

1970-ல் நெதர்லாந்தின் பீட் பெர்க்வெல்ட் கண்ணாடிக் குமிழை விட்டுவிட்டு டிரான்சிஸ்டரையே நீரில் நனைத்தார். அவ்வழி வந்த உணரிகள் இன்று மிதவைகளில் ஏறி 2,000 மீட்டர் ஆழம் வரை சென்று மீள்கின்றன. ஆயினும் துணை மின்வாயின் தொல்லை முற்றும் நீங்கவில்லை.

ஆகவே சிலர் மறுபடி சாயத்திற்கே திரும்பினர். மெட்டா கிரெசால் பர்ப்பிள் என்ற சாயத்தைக் கடல்நீரில் கலந்து, 434, 578 நானோமீட்டர் ஆகிய இரு அலைநீளங்களில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறார்கள். இரண்டின் விகிதமே பி.எச்.-ஐக் காட்டிவிடும். சாயம் கொஞ்சம் கூடினாலும் விளக்கு கொஞ்சம் மங்கினாலும் விகிதம் அநேகமாக மாறாது. அது மூலக்கூறின் இயல்பு. 2015-ல் கடல்நீர்ப் பி.எச். உணரிகளுக்காக நடந்த எக்ஸ்பிரைஸ் போட்டியில், துல்லியம், மலிவு இரண்டிலும் முதற்பரிசு பெற்றது இம்முறையே. வென்ற நிறுவனம் கடலே இல்லாத மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்தது என்பது வேடிக்கை.

இதிலும் பம்பு வேண்டும், மின்கலம் வேண்டும். கலங்கல் நீரில் ஒளி தடுமாறும். சேறு கலந்த ஆற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இன்னமும் கண்ணாடிக் குமிழ்தான், அதைத் துடைக்க ஓர் ஆளும்தான்.