வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்

செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னை மாநகரத்திற்குத் தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஏரி. மழைநீர் நிறைந்ததும், நீரினின்று தலைநீட்டி நிற்கும் கடப்ப மரங்களில் கூடுகட்ட வரும் நாரைகளையும் கொக்குகளையும் கூழைக்கடாக்களையும் பரம்பரையாகக் காத்துவந்த கிராம ஜனங்கள், வெள்ளைச் சிப்பாய்கள் அவற்றைச் சுட்டபோது ஆட்சியரிடம் முறையிட்டு, 1798-இல் அவற்றைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்துமூலம் பெற்றனர். சட்டம் பிறக்குமுன்பே குடியானவர்களிடம் இத்தர்மம் விழித்திருந்தமை விசேஷமாகப் போற்றத்தக்கது. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவது அவர்கள் அனுபவத்தில் கண்ட பிரயோஜனம். நவம்பர் முதல் மார்ச் வரை ஏரிக்கரையில் நிற்போர், அலகின் இரு பாதிகளும் நடுவே பொருந்தாத நத்தைகுத்தி நாரை, குஞ்சுகளுக்கு இரை கக்குவதைக் காணலாம். 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம் பெற்ற இவ்வேரி, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.