மாவு விளம்பரத்தில் ஒரு முகம்

நம்முடைய முகம் யாருக்குச் சொந்தம்? அசட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் 1902-ஆம் வருஷம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் தலைமை நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயன்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

வழக்குத் தொடுத்தவள் அபிகேயில் ராபர்ஸன் என்ற இளம் பெண். இன்னும் மைனர், காப்பாளர் மூலமாகத்தான் கோர்ட்டுக்கு வர முடிந்தது. ஒரு மாவு மில்லின் விளம்பரத்துக்காக, அவளைக் கேளாமலே அவளுடைய படத்தைச் சுமார் 25,000 பிரதிகள் அச்சடித்துவிட்டார்கள். கடைகளிலும் கிடங்குகளிலும், மதுக்கடைகளிலுங்கூட, அந்தப் படம் தொங்கியது. அடையாளம் கண்டவர்கள் கேலி பேசினார்கள். பெண் மனம் உடைந்து படுத்த படுக்கையானாள். வைத்தியரை அழைக்க வேண்டியதாயிற்று.

கீழ்க் கோர்ட்டுகள் அவள் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்லின. தலைமை நீதிமன்றத்தில் மூவர் அவளுக்குச் சாதகம், நால்வர் பாதகம். தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதிபதி ஆல்டன் பார்க்கர். படத்தில் அவதூறு ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறது. வேறு சிலரானால் தங்கள் அழகுக்குக் கிடைத்த பாராட்டென்று மகிழ்ந்திருப்பார்கள். அந்தரங்க உரிமை என்று ஒன்று சட்டத்தில் கிடையாது என்பது அதன் சாரம்.

பத்திரிகைகள் தீர்ப்பைக் கண்டித்தன. 1903-இல் மாநிலச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. எழுத்து மூலமான சம்மதமின்றி ஒருவருடைய பெயரையோ படத்தையோ வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். மைனராயிருந்தால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும்.

இனித்தான் வேடிக்கை. 1904-இல் அதே பார்க்கர் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றார். பையில் கையை விட்டுக்கொண்டு நிம்மதியாக நிற்கக்கூடக் காமிராக்காரர்கள் விடுவதில்லை என்று அலுத்துக்கொண்டார். உடனே ராபர்ஸன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். தாங்கள் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லையென்று தாங்களே தீர்ப்பளித்திருக்கிறீர்களே என்று நினைவூட்டினாள். கடிதம் பத்திரிகையிலும் வெளிவந்தது. எந்த வக்கீலும் இதைவிட நன்றாக வாதாடியிருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

இன்று உரிமைக்குக் குறைவில்லை. நம் நாட்டிலேயே 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் 1903-ஆம் வருஷத்துச் சட்டம் பெற்றோரைக் காவலாக நிறுத்தியது. இன்று குழந்தை பிறந்த நாள் தொட்டு, ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் அதன் படத்தை ஏற்றுகிறவர்களில் பெற்றோரே முன்னால் நிற்கிறார்கள். மாவு விளம்பரம் சில வருஷங்களில் குப்பைக்குப் போயிருக்கும். இந்தப் படமோ குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போன பிறகும் அங்கேயே இருக்கிறது. வகுப்பில் யார் பார்த்தார்கள், யார் சிரித்தார்கள் என்று எண்ணி எண்ணி இரவில் தூக்கம் கெடுவது அந்தக் குழந்தைக்குத்தான்.

பதின்மூன்று வயதுப் பெண், “அந்தப் படத்தை எடுத்துவிடு அம்மா” என்று கெஞ்சுகிறாள். “ஏண்டி, அழகாகத்தானே இருக்கிறாய்!” என்கிறாள் தாயார்.

பிரதம நீதிபதி பார்க்கர் சொன்னதும் இதையேதான்.