ஸ்பௌஸ் விசா: பிரிட்டனில் வெளிநாட்டு வாழ்க்கைத்துணையின் குடியேற்றம்

பிரிட்டிஷ் குடிமக்களும் அந்நாட்டில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும், தாங்கள் மணந்த வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ தம்மிடம் அழைத்துக்கொள்ளப் பெறவேண்டிய நுழைவு அனுமதியே வாழ்க்கைத்துணை விசா. பேச்சில் இது ஸ்பௌஸ் விசா. ஈழத்தமிழர் வீடுகளில் ‘ஸ்பொன்சர்’ என்ற ஒரு சொல்லே முழு நடைமுறையையும் குறித்துவிடும். திருமணம் எந்த நாட்டில் நடந்தாலும் அந்நாட்டுச் சட்டப்படி செல்லுபடியானால் பிரிட்டன் பொதுவாக அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் திருமணம் செல்லும் என்பது வேறு, மணந்தவர் உள்ளே வரலாம் என்பது வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தொலைவை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசு இரண்டு கேள்விகளால் அளந்துவருகிறது: இந்தக் கல்யாணம் உண்மையானதா, இவர்களுக்குச் சேர்ந்து வாழ வருமானம் இருக்கிறதா. முதல் கேள்வியின் சுமை நெடுங்காலம் தெற்காசியக் குடும்பங்கள்மீது விழுந்தது. இரண்டாவது கேள்வி 2012 முதல் குறைந்த சம்பளக்காரர் எல்லோர்மீதும் விழுகிறது.

பின்னணி

பழைய சட்டத்தில் மனைவி என்பவள் கணவனின் நாட்டைச் சேர்ந்தவள். 1870-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி அயல்நாட்டவரை மணந்த பிரிட்டிஷ் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். பிரிட்டிஷ் ஆணை மணந்த அயல்நாட்டுப் பெண் பிரிட்டிஷ் பிரஜையானாள். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 1949 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதன் பின்னரும், 1983 வரை, பிரிட்டிஷ் ஆணின் மனைவி பதிவு செய்துகொண்டு குடியுரிமை பெறும் உரிமை இருந்தது. மனைவியின் குடியுரிமை வழியே கணவனுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

காமன்வெல்த் நாட்டவர் தடையின்றி வந்துபோன காலம் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. ஏற்கெனவே குடியேறிவிட்ட ஆண்களின் மனைவியரும் பிள்ளைகளும் வரலாம் என்ற விதி மட்டும் நீடித்தது. 1969-இல் அதற்கும் ஒரு வாசற்படி வந்தது. குடும்பத்தினர் ஊரிலிருந்து புறப்படுமுன்பே நுழைவுச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்றானது. டாக்காவிலும் டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் வரிசை நீண்டு, நேர்காணலுக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. வீட்டைப் பற்றியும் உறவுமுறைகளைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்பார்கள். கணவன் சொன்னதும் மனைவி சொன்னதும் ஒத்துப்போகாவிட்டால் அவர்கள் கணவன் மனைவியே அல்ல என்று முடிவெடுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1979 ஜனவரி 24 காட்டியது. குடியேறிய ஒருவரை மணப்பதற்காக இந்தியாவிலிருந்து வந்த 35 வயது ஆசிரியை ஒருவர் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். மணப்பெண்ணாக வருபவருக்கு அன்று முன்கூட்டிய சான்றிதழ் தேவையில்லை, மனைவியாக வருபவருக்குத் தேவை. அவர் ஏற்கெனவே மணமானவரோ என்று அதிகாரிகள் ஐயுற்றார்கள். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு மருத்துவரைக் கொண்டு அவருடைய கன்னித்தன்மையைச் சோதித்தார்கள். கார்டியன் நாளிதழ் அடுத்த வாரம் செய்தியை வெளியிட்டதும் பெரும் கொந்தளிப்பு எழுந்தது, அந்தப் பழக்கம் தடை செய்யப்பட்டது. இது ஓர் அதிகாரியின் தனிப்பட்ட அத்துமீறல் என்று விட்டுவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரசு ஆவணக் காப்பகத்தில் கண்டெடுத்து 2011-இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கோப்புகளின்படி, 1970-களின் பிற்பகுதியில் குறைந்தது 80 பெண்கள் இப்படிச் சோதிக்கப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு அது நடந்தது இந்தியாவிலேயே இயங்கிய பிரிட்டிஷ் அலுவலகங்களில்.

கணவர்களின் வரவுக்கு வேறு கணக்கு. 1969-இல் தடுத்தார்கள், 1974-இல் திறந்தார்கள், 1980-இல் மீண்டும் இறுக்கினார்கள். ஆண்கள் வேலைச்சந்தைக்கு வருகிறார்கள், பெண்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்பது அன்றைய அரசின் வாதம். இறுகிய விதிகளின் நடுவே ‘முதன்மை நோக்க விதி’ இருந்தது. பிரிட்டனுக்குள் நுழைவது தன் திருமணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்பதை விண்ணப்பித்தவரே நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒரு நோக்கத்தை இல்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது? பெரியவர்கள் பார்த்துப் பேசி முடிக்கும் கல்யாணத்தில் பெண் எங்கே வாழப்போகிறாள், மாப்பிள்ளை எங்கே வேலை பார்ப்பார் என்பது முதல் நாளே பேசப்படும். அது நம் வழக்கம். அந்தப் பேச்சே மாப்பிள்ளைக்கு எதிரான சான்றானது. வழக்கப்படி மணமகள் மணமகன் வீட்டுக்குத்தானே போக வேண்டும், இங்கே ஏன் மாப்பிள்ளை வருகிறார் என்று அதிகாரிகள் தெற்காசிய மரபையே எடுத்துக்காட்டி மறுத்ததும் உண்டு. கல்யாணம் உண்மையானது, இருவரும் சேர்ந்து வாழப்போகிறவர்கள்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் நோக்கம் சரியில்லை என்று மறுக்க இந்த விதி இடங்கொடுத்தது. இதைக் கொடுமை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்ற இந்த ஏற்பாடு ஸ்ட்ராஸ்பூரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. பிரிட்டனில் முறைப்படி குடியேறி, கணவரை அழைத்துக்கொள்ள முடியாமல் நின்ற அப்துல்அஜீஸ், கபாலெஸ், பல்கண்டாலி என்ற மூன்று பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் கபாலெஸ் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செவிலியர். 1985 மே 28 அன்று வந்த தீர்ப்பு, இது பால் அடிப்படையிலான பாகுபாடு என்றது. இனப் பாகுபாடு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தீர்ப்புக்குப் பின் பிரிட்டன் செய்தது பலரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. கணவர்களுக்கு இருந்த தடைகளைத் தளர்த்தாமல், அவற்றை மனைவியருக்கும் பொருந்தச் செய்து சமத்துவம் நிலைநாட்டிவிட்டதாகச் சொன்னது. மூவர் வென்றார்கள், அதன் விலையை ஆயிரக்கணக்கான மனைவியர் கொடுத்தார்கள். முதன்மை நோக்க விதி, ஜாக் ஸ்ட்ரா உள்துறை அமைச்சரான பின், 1997 ஜூனில்தான் நீக்கப்பட்டது.

கட்டாயத் திருமணங்களைத் தடுப்பதாகச் சொல்லி 2008 நவம்பரில் இருவருக்குமான குறைந்தபட்ச வயது 18-இலிருந்து 21 ஆக்கப்பட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் மனமொத்து மணந்த இளம் தம்பதியரே அதில் பெருமளவில் சிக்கினார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளிக்க, வயது மீண்டும் 18 ஆனது. 2010 நவம்பரில் வந்த ஆங்கிலத் தேர்வு மட்டும் வழக்குகளைத் தாண்டி நிலைத்துவிட்டது.

வருமான வரம்பு

தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது 2012 ஜூலை 9 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் எல்லாவற்றையும் பணத்தின் பக்கம் திருப்பின. அழைப்பவர் ஆண்டுக்குக் குறைந்தது 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத பிள்ளை உடன் வந்தால் முதல் பிள்ளைக்கு 3,800, அடுத்தடுத்த ஒவ்வொருவருக்கும் 2,400 கூடுதல். நிரந்தர வசிப்புரிமைக்கான காத்திருப்பு இரண்டு ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. 2024 ஏப்ரல் 11 முதல் வரம்பு 29,000 பவுண்டு. புதிய விண்ணப்பதாரருக்குப் பிள்ளைகளுக்கான கூடுதல் தொகை இல்லை. அதை 38,700 வரை உயர்த்தும் திட்டத்தை 2023 டிசம்பரில் கன்சர்வேடிவ் அரசு அறிவித்திருந்தது, அடுத்து வந்த லேபர் அரசு அதை நிறுத்திவைத்தது.

இந்தக் கணக்கில் முதல்முறை விண்ணப்பிப்பவர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரப்போகும் துணையின் சம்பளம் சேராது. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் கைநிறைய வாங்குபவராக இருந்தாலும், லண்டனில் வேலை தருவதாக ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், நுழைவு விண்ணப்பத்தில் அவருடைய சம்பளத்துக்கு மதிப்பு பூச்சியம். அவர் வந்து சேர்ந்து, சட்டப்படி வேலை செய்யத் தொடங்கிய பிறகு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இருவர் வருமானமும் சேரும். வருமானத்துக்குப் பதில் சேமிப்பைக் காட்டலாம். முதல் 16,000 பவுண்டு கணக்கில் வராது. வருமானமே இல்லாதவர் 88,500 பவுண்டை ஆறு மாதம் கணக்கில் வைத்திருந்து காட்ட வேண்டும். அழைப்பவர் குறிப்பிட்ட சில ஊனமுற்றோர் உதவித்தொகைகளையோ பராமரிப்பாளர் படியையோ பெறுபவரானால் இந்த வரம்பு அவருக்கு இல்லை. குடும்பத்தை நடத்தப் போதுமான வருவாய் இருப்பதைக் காட்டினால் போதும்.

பராமரிப்பு வேலை, கடை வேலை, பகுதிநேர வேலை செய்கிறவர்கள் இதில் வெளியே நிற்கிறார்கள். பெண்கள், இளைஞர்கள், லண்டனுக்கு வெளியே வாழ்பவர்கள் கூடுதலாக. 2015-இல் இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட ஆய்வு, குறைந்தது 15,000 பிள்ளைகள் தாயையோ தந்தையையோ பிரிந்திருக்க நேர்ந்ததாகக் கணக்கிட்டது. திரையில் மட்டும் அம்மாவையோ அப்பாவையோ பார்க்கும் இவர்களுக்கு ‘ஸ்கைப் பிள்ளைகள்’ என்ற பெயரே வந்துவிட்டது. 2017-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு வைப்பது சட்டவிரோதம் அல்ல என்றது. ஆனால் பிள்ளைகளின் நலனுக்கு விதிகள் போதிய இடம் தரவில்லை என்று கண்டித்தது. அதன்பின் விதிவிலக்கான சூழல்களில் உறவினர் தரும் நம்பகமான ஆதரவு போன்றவற்றையும் பார்க்கும்படி விதி திருத்தப்பட்டது.

சுற்றுவழி ஒன்றும் இருந்தது. இந்தியக் குடிமகனான சுரிந்தர் சிங், பிரிட்டிஷ் மனைவியோடு ஜெர்மனியில் சில ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவர். இன்னோர் ஐரோப்பிய நாட்டில் உழைத்துத் திரும்பும் குடிமகளின் துணைக்கு ஐரோப்பியச் சட்டப்படியே உள்ளே வரும் உரிமை உண்டு என்று 1992-இல் அவர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமான வரம்பு வந்தபின் பல தம்பதியர் அயர்லாந்து போன்ற நாடுகளில் சில மாதங்கள் வாழ்ந்து வேலை செய்துவிட்டு ‘சுரிந்தர் சிங் வழி’யில் திரும்பினார்கள். பிரெக்ஸிட்டோடு அந்த வழி அடைபட்டது.

விண்ணப்பம்

இருவரும் 18 வயது நிறைந்தவர்களாகவும் நேரில் சந்தித்தவர்களாகவும் இருக்க வேண்டும். தொலைபேசியிலோ பதிலாள் வைத்தோ நடந்த கல்யாணம் ஊர்ச் சட்டப்படி செல்லுபடியானாலும், சந்திக்காதவர்களுக்கு விசா இல்லை. அழைப்பவர் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் அவற்றோடு பைசா பிசகாமல் பொருந்தும் வங்கிக் கணக்கு விவரங்களையும் வைக்க வேண்டும். நெருக்கடியில்லாத வீடு இருப்பதையும் காட்ட வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வசிப்பவர்கள் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையத்தில் மார்பு எக்ஸ்ரே எடுத்துக் காசநோய் இல்லை என்ற சான்றிதழ் பெற வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். ஆங்கிலத்தில் ஆரம்பநிலைப் பேச்சுத் தேர்வு போதும். ஆங்கிலவழியில் பட்டம் பெற்றவர்கள் அதற்கான உறுதிச்சான்றைக் காட்டித் தேர்விலிருந்து விலக்குப் பெறலாம்.

உறவு உண்மையானது என்பதற்குப் புகைப்படம், பயணச்சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் வைக்கிறார்கள். காதலித்து மணந்தவர்களிடம் பல வருடச் சேகரம் இருக்கும். நிச்சயமாகி மூன்று வாரத்தில் மணவறை ஏறியவர்களிடம் கல்யாண ஆல்பமும் அதற்குப் பிந்தைய பேச்சும் மட்டுமே இருக்கும். அதில் குறையொன்றும் இல்லை. திருமணம் எப்படி ஏற்பாடானது என்பதைப் பெற்றோரின் கடிதத்தோடு தெளிவாக விளக்கி எழுதிவிடுவது நல்லது.

2025 ஏப்ரல் நிலவரப்படி வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கக் கட்டணம் 1,938 பவுண்டு. 2015-இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய மருத்துவச் சேவைக் கூடுதல் கட்டணம் 2024-இல் 1,035 ஆனது. முதல் அனுமதி 33 மாதங்களுக்கு என்பதால் மூன்று ஆண்டுக்கான 3,105 பவுண்டை முன்னதாகவே கட்ட வேண்டும். விமானச்சீட்டு வாங்குமுன்பே 5,043 பவுண்டு போய்விடுகிறது. பிறகு 30 மாத நீட்டிப்பு ஒன்று, மீண்டும் கட்டணம். ஐந்தாண்டு முடிந்தபின் பிரிட்டிஷ் வாழ்க்கை பற்றிய 24 கேள்வித் தேர்வில் 18 சரியாக எழுதி, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மணம் நிச்சயிக்கப்பட்டவராக வருபவருக்கு ஆறு மாத விசா. அதற்குள் மணந்துகொள்ள வேண்டும், வேலை செய்யக்கூடாது.

தமிழர் சூழல்

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யக் கட்டாயமாக்கியது. கோயிலில் தாலி கட்டி மண்டபத்தில் ஊரே வாழ்த்தினாலும் விசாவுக்கு வேண்டியது பதிவாளர் தரும் சான்றிதழ். யாழ்ப்பாணத்தில் பதிவை ‘எழுத்து’ என்பார்கள். லண்டன் மாப்பிள்ளை என்றால் எழுத்தை முதலில் முடித்து விசாவுக்குப் போட்டுவிட்டுத் தாலிகட்டைப் பிறகு வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. எழுத்து நாளுக்கும் தாலிகட்டு நாளுக்கும் உள்ள இடைவெளியை விண்ணப்பத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லையெனில் எது திருமண நாள் என்ற குழப்பம் வீணாக எழும்.

1983-க்குப் பின் அகதிகளாக வந்த ஈழத்தமிழருக்கு இன்னொரு கோடு முக்கியம். நாட்டைவிட்டு ஓடுமுன் மணந்திருந்தால், அகதிக் குடும்ப இணைவு வழியில் வருமான வரம்பும் ஆங்கிலத் தேர்வும் கட்டணமும் இன்றி மனைவியை அழைக்க முடிந்தது. ஓடிவந்தபின் மணந்தவர்க்கு இந்தச் சலுகை இல்லை. மற்றவர்களைப் போல வருமானம் காட்ட வேண்டும். 2025 செப்டம்பரில் அகதிக் குடும்ப இணைவுக்கான புதிய விண்ணப்பங்களே நிறுத்திவைக்கப்பட்டன.

அழைத்து வந்தவரின் கையில்

விசாவில் வந்தவர் ஐந்தாண்டு வரை திருமணத்தை நம்பியே அங்கு நிற்கிறார். அவருக்குப் பொது உதவித்தொகைகள் கிடையா. வீட்டில் அடி விழுந்தால் வெளியேறவும் முடியாது, ஊர் திரும்பவும் முகமில்லை என்ற நிலையில் பல பெண்கள் இருந்தார்கள். 1979-இல் தொடங்கப்பட்ட சவுதால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு இவர்களுக்காக இடைவிடாது போராடியது. அதன் பயனாக, குடும்ப வன்முறைக்கு ஆளான மனைவி கணவனின் ஆதரவின்றித் தானே நிரந்தர வசிப்புரிமை கோரும் வழி 2002-இல் விதிகளில் ஏறியது. அந்த விண்ணப்பத்தைத் தயாரிக்கும் காலத்தில் தங்குமிடமும் உதவித்தொகையும் பெற 2012-இல் சலுகை வந்தது. அப்போது கிடைக்கும் மூன்று மாத அனுமதியில் வேலையும் செய்யலாம்.

விடுமுறை என்று சொல்லி மனைவியை ஊருக்குக் கூட்டிவந்து, பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு கணவன் மட்டும் திரும்பிவிடுவதும் நடக்கிறது. பிள்ளை பிரிட்டனில், தாய் ஊரில். விசா ரத்தானதும் அவள் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணிலிருந்தே மறைந்துபோனாள். 2022-இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு தாய் தொடுத்த வழக்கு இதை மாற்றியது. 2024 ஜனவரி 31 முதல் இப்படிக் கைவிடப்பட்டவர்கள் வெளிநாட்டில் இருந்தபடியே விண்ணப்பித்துத் திரும்பிச் செல்ல விதி இடமளிக்கிறது. காவல்நிலையப் புகார், மருத்துவச் சீட்டு, கணவன் அனுப்பிய குறுஞ்செய்தி, திரும்பும் பயணச்சீட்டை ரத்து செய்த பதிவு ஆகியவை இதற்கான சான்றுகளாகலாம். ஊரில் தனித்து நிற்கும் பெண் முதலில் பத்திரப்படுத்த வேண்டியவையும் இவையே.