மன்றோவின் பள்ளிக் கணக்கு: பாராமகாலிலிருந்து 1836 வரை

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலம் சீமையும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தன. அங்கே வரித்தண்டலுக்கு அனுப்பப்பட்டவர்கள் பட்டாளத்து அதிகாரிகள். தலைவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட்; துணைக்கு கிரஹாம், மெக்லியாட், தாமஸ் மன்றோ. சேலமும் நாமக்கல்லும் அடங்கிய தென்பகுதி மெக்லியாடுக்கும், தருமபுரியைச் சுற்றிய நடுப்பகுதி மன்றோவுக்கும் அமைந்தன. 1780-இல் காலாட்படை கேடட்டாகச் சென்னையில் இறங்கிய மன்றோ, ஏழாண்டுகள் இங்கே வயல்வயலாக அளந்து தீர்வை கட்டினார். உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இந்தக் காட்டிலும் மேட்டிலும்தான்.

மன்றோ வகுப்பறையில் நின்று பாடம் சொன்னவர் அல்லர். ஆனாலும் சென்னை மாகாணப் பள்ளிக்கல்வியின் வரலாறு இந்தப் பட்டாளத்துக்காரரைத் தொடாமல் நகராது. ஆளுநரானபின், 1822 ஜூன் 25 அன்று, ஜில்லாதோறும் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். நிலத்தை எண்ணிய அதே வருவாய்க் கச்சேரிகள் இப்போது திண்ணைப் பள்ளிக்கூடங்களை எண்ணின. பழைய ஜமாபந்திக்காரரின் புத்திதான் இது: முதலில் கணக்கு, பிறகு ஏற்பாடு.

சேலம் கலெக்டர் காக்பர்ன் 1823 ஜூலையில் அனுப்பிய விவரம் மனதை உறுத்துவது. 10,75,985 மக்களில் படித்துக்கொண்டிருந்தோர் 4,650 பேர், அதாவது 231 பேருக்கு ஒருவர். மாகாணம் முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாகாண அளவில் ஏறக்குறைய 68 பேருக்கு ஒருவர். மாணவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. வீட்டிலேயே படித்தவர்கள் இந்தப் பட்டியலில் சரிவர ஏறவில்லை என்பதை மன்றோவே உணர்ந்திருந்தார். அதைக் கணக்கில் கொண்டாலும் சேலத்தின் பின்தங்கல் மறையாது. அக்காலத்துப் பள்ளிகளைப் பொற்காலமாகப் பாடுவோர் தஞ்சாவூரோடு நிறுத்திக்கொள்ளாமல் சேலத்துப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கலாம்.

1826 மார்ச் 10 அன்று மன்றோ எழுதிய குறிப்பு காரணத்தைக் காசில் தேடியது. பிள்ளைகள் தரும் சம்பளத்தில் வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை. தகுதியுள்ளவன் எப்படி வருவான்? அவர் முன்வைத்த ஏற்பாடு இது: ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளிகள், அவற்றின் ஆசிரியருக்குப் பதினைந்து ரூபாய். தாசில்தாரியொன்றுக்கு ஒரு பள்ளி, ஆசிரியருக்கு ஒன்பது ரூபாய். ஆண்டுச் செலவு 48,000 ரூபாய்.

கோளாறு அந்த ஒன்பதில் இருந்தது என்றே கருதுகிறேன். மிச்சத்தைப் பிள்ளைகளிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்பது மன்றோவின் கணிப்பு. ஆனால் பிள்ளைகளிடம் வாங்கிப் பிழைக்க முடியாமைதானே நோய் என்று அவரே சொல்லியிருந்தார்! அதோடு, திட்டத்தின் அலகு ஊர் அல்ல, தாசில்தாரி. கச்சேரி இருந்த கஸ்பாவுக்குச் சர்க்கார் வாத்தியார் வந்தாலும், தள்ளியிருந்த கிராமத்தில் மணலில் விரலால் எழுதவைத்த திண்ணை வாத்தியாருக்கு நெல்லும் காசும் பழையபடியே வந்துகொண்டிருந்தன.

1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலரா மன்றோவைக் கொண்டுபோனது. திட்டமிட்ட முந்நூறு தாசில்தாரிப் பள்ளிகள் முழுதாக நிறைவேறவே இல்லை. ஆங்கிலக் கல்விக்கே பணம் என்ற கொள்கை 1835-இல் மேலோங்கியது. மறுஆண்டே அத்திட்டத்தில் தொடங்கியிருந்த பள்ளிகளும் மூடப்பட்டன. பின்னர் சேலத்தில் 1857-இல் அரசுப் பள்ளி ஒன்று தொடங்கியது. அவ்வூரின் இன்றைய அரசு கலைக் கல்லூரி தன் வயதை எண்ணுவது அந்த ஆண்டிலிருந்துதான்.