பாலாற்றைத் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகள்

எல்லைகளை அரசர்கள் வகுத்தார்கள், ஆறுகள் வகுத்தன. கருமாதியால் வகுக்கப்பட்ட எல்லை ஒன்றும் வடாற்காட்டு வாய்மொழி மரபில் உண்டு. சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதை அது. இவர்கள் கேரளத்தார் அல்லர். வீட்டிலும் காட்டிலும் பேசுவது தமிழே. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் அக்கதை பதிவாகியிருக்கிறது.

கங்குந்தி என்ற ஊரின் வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் ஏளனமாக மறுக்கவே, சினங்கொண்ட வேடர்கள் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றார்கள். மீட்டுவர ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் மாண்டதாகக் கொண்டு காரியங்களைச் செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் அக்கரை ஏறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் வந்து சேர்ந்தன. வேடர்களைக் கொன்று உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் கருமாதி முடிந்திருந்தது. சாதி அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. வேடர் குலப் பெண்களை மணந்து, சவ்வாது மலையேறி, உழவைத் தொடங்கினார்கள்.

இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. சேர்வராயன், கொல்லி மலைகளின் மலையாளிகளும் காஞ்சியையே பூர்விகமாகச் சொல்கிறார்கள், கதைதான் வேறு. ஆனால் சவ்வாதுக் கதையின் நேர்மை அரிது. தம் குருதி தூயது என்று சாதிக்கவே பெரும்பாலான குலக்கதைகள் பிறந்தன. இதுவோ, பெண் கொடுக்க மாட்டோம் என்ற பகையில் தொடங்கி, அதே குலத்தில் பெண் எடுத்து முடிகிறது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பிள்ளைகளுக்குப் பாட்டன்மார் ஆகிறார்கள்.

மலையும் சமவெளியும் கலந்த அந்த இரட்டை வழி இன்றும் தொடர்கிறது. மலையில் மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டுக்குப் பரியம் கொடுப்பது பழைய முறை. உறைவிடப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ கீழே இறங்கும் பெண், வரதட்சணைக்கு நகை சேர்க்கும் தோழிகளோடு படிக்கிறாள். எந்த வழக்கம் முன்னேறியது, எது பின்தங்கியது என்று சொல்லும் உரிமை சமவெளிக்கு மட்டும் இல்லை என்பதை அவள் சொல்லாமலே அறிவாள். அப்படிப் படிக்கப் போனவர்களில் ஒருவர், சவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, ஏலகிரியில் பள்ளிப் படிப்பை முடித்து, சட்டம் பயின்று, பிள்ளை பெற்ற சில நாள்களில் சென்னை சென்று தேர்வெழுதி, 2024இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். மலையை உதறிவிட்டுப் பெற்ற வெற்றியன்று அது. மலையிலிருந்தே நடந்து எட்டியது.

அரசு போட்ட கோடுகள் மலை மக்களின் ஒட்டுறவை அறியாதவை. 1989இல் வடாற்காடு இரண்டானது. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தது. இன்று சவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தில், புதூர்நாடு திருப்பத்தூரில், பீஞ்சமந்தை வேலூரில். பெண் கொடுத்து எடுக்கும் உறவுக்காரர்கள் மூன்று ஆட்சியர் அலுவலகங்களில் மனுக் கொடுக்கிறார்கள். இது அலைச்சலோடு போகிறது. பழங்குடியினர் பட்டியல் செய்வது அதைவிடக் கொடிது. சேலம், தருமபுரி, வடாற்காடு, தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என மாவட்டப் பெயர்களைச் சொல்லித்தான் அது மலையாளிகளை ஏற்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள், அதே பெயரோடு, பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். பழங்குடியினர் சான்றிதழ் கிடைக்காத பிள்ளைக்கு அதற்குரிய உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

ஒருவர் யார் என்பதை அவர் வாழும் மாவட்டம் தீர்மானிப்பது நியாயமாகாது. பட்டியலில் உள்ள அந்த மாவட்ட வரம்பை நீக்க நாடாளுமன்றம் ஒரு திருத்தம் செய்தால் போதும். இதை வாசிக்கும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் மக்கள் பிரதிநிதிகளும் அதைத் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.