சக்கரம் சுழல்கையில்

ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே நிற்கும் திருவனந்தபுரத்துத் தம்பானூரில், இடவப்பாதி மழையின்போது நீர் தேங்குவதுண்டு. அவ்வீரத்தில் விரைவுக் கார் ஒன்றை ஓட்டுநர் அவசரமாகக் கிளப்பினால், சக்கரம் தரையைப் பற்றாது வீணே சுழலும். அதனை உணர்ந்து எஞ்சின் விசையைக் குறைப்பதும், வழுக்கும் சக்கரத்திற்குப் பிரேக் இடுவதும் ‘டிராக்ஷன் கன்ட்ரோல்’ என்னும் சாதனத்தின் வேலை.

பந்தயக் களத்தில் இதன் வரலாறு விந்தையானது. பார்முலா 1 பந்தயத்தில் 1994இல் இதனைத் தடுத்தனர். ஆயினும் கணிப்பொறிக் கட்டளைகளுள் ஒளித்துவைத்தால் கண்டறிவது அரிது. ஐயமும் பூசலும் வளர்ந்தன. 2001இல் ஸ்பெயின் பந்தயம் முதல் மீண்டும் அனுமதித்தனர். 2008இல் எல்லா வண்டிகளுக்கும் ஒரே கட்டுப்பாட்டுப் பொறியை விதித்த பின்னரே தடை மெய்யாயிற்று. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் இரு காலங்களையும் கண்டவர். 2005இல் அவர் ஜோர்டான் வண்டியை ஓட்டியபோது இச்சாதனத்திற்கு அனுமதி இருந்தது. 2011இல் திரும்பி வந்தபோது வலக்காலின் நிதானமே துணை.

நாம் எப்போது அணைக்கலாம்? சங்குமுகத்து மணலிலோ சேற்றிலோ சக்கரம் புதைந்தால் அணைக்கலாம். அங்கே சிறிது சுழற்சி இன்றி வண்டி மேலேறாது. ஏறியதும் மறவாது இயக்குக. இருங்காட்டுக்கோட்டை போன்ற மூடிய ஓடுதளத்தில், தரை உலர்ந்திருக்கையில், தேர்ந்தவர் அணைப்பர். தம்பானூர் மழையில் அணைப்பது பேதைமை. பிறர் உயிரும் அங்கே நடந்துசெல்கிறது. பல வண்டிகளில் பொத்தானை நெடுநேரம் அழுத்தினால், வண்டி திசை தவறாது காக்கும் மற்றொரு சாதனமும் உடன் நின்றுவிடும். கையேட்டைப் பார்த்த பின்னரே விரலை வைத்தல் வேண்டும்.