கீழைக் கடலிற் கூடிய படைகள்

இரு நாடுகள் தம் கப்பல்களை ஒரே கடலில் ஒருங்கு செலுத்துதல் இக்காலத்துப் புதுமையன்று. இலங்கை, இந்தியக் கடற்படைகள் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சிலினெக்ஸ்’ என்னும் கூட்டுப் பயிற்சி, 2020 ஒக்டோபரில் திருகோணமலைக் கடலில் நிகழ்ந்தது. பீரங்கி சுடுதல், கப்பல்களை அணியாகச் செலுத்துதல், ஒரு நாட்டு ஹெலிகொப்டர் மற்றைய நாட்டுக் கப்பலில் இறங்குதல் முதலியன அதிற் பயிலப்பெற்றன. இதே கீழைக்கரையில் ஏறக்குறைய நானூறாண்டுகட்கு முன்னர் இரு தரத்தார் கூடிப் பொருத வரலாறு ஈண்டு நோக்கத்தக்கது.

1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் முதலிய ஊர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரதன் அவர்களுட் பலரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாறு. பின்னர் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை அமைத்தனர். திருகோணமலையும் அவர் கையிலிருந்தமையால், மலைநாட்டரசுக்குக் கீழைக்கடல் வாயில் அடைபட்டது. மன்னனிடம் காலாட்படை இருந்தது, போர்க்கப்பல் இல்லை.

ஆதலின் செனரதன் மகன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தர் துணையை நாடினான். ஒல்லாந்தக் கடற்றலைவன் வெஸ்டர்வோல்ட் 1638 மே மாதத்திற் கப்பல்களுடன் மட்டக்களப்பை அடைந்தான். ஒல்லாந்தர் பீரங்கியும் கண்டிப்படையும் ஒருங்கே நெருக்க, மே 18இற் கோட்டை பணிந்தது. மே 23இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போர்ச் செலவைக் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்ய மன்னன் இசைந்தான்.

பிற்காலப் பிணக்கிற்கு வித்து அவ்வுடன்படிக்கையிலேயே கிடந்தது. கைப்பற்றப்படும் கோட்டைகளில், மன்னன் விரும்பினால் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதி கூறிற்று. ஒல்லாந்த மொழிப் பிரதியிலோ மன்னன் விருப்பத்தைக் குறிக்கும் அச்சொற்கள் இல்லை. 1640இற் காலியும் 1656இற் கொழும்பும் வீழ்ந்தபோது, செலவுக் கடன் தீரவில்லையெனக் கூறி ஒல்லாந்தர் அவற்றைத் தம்வசமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்னும் சிங்களப் பழமொழி இந்நிகழ்ச்சியையே சுட்டும் என்பர்.

இன்றைய பயிற்சி நட்பு நாடுகளுக்கிடையே அமைதிக்காலத்தில் நிகழ்வது. அதனைப் பழைய முற்றுகையோடு ஒன்றாக வைத்தெண்ணுதல் பொருந்தாது. எனினும், பிறர் கப்பலைத் துணைக்கழைக்கும் சிறிய நாடு, துறைமுகம் யார் பொறுப்பில், எத்துணைக் காலத்திற்கு, எச்செலவில் என்பவற்றை இரு மொழிப் பிரதிகளிலும் ஒப்பநோக்கிய பின்னரே கைச்சாத்திடல் வேண்டும். கடலையே வாழ்வாகக் கொண்ட கல்முனைக்கரை மக்களுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. அவர்தம் துறையைப் பற்றிய செய்தியாகும்.